மதிலும் மதுவும் மத்தியதரைக் கடலும்

பழைய கோட்டை ஊர்கள், திராட்சைத் தோட்டங்கள், கடலோரம் மூன்றையும் ஒரே விடுமுறைக்குள் அடக்க நினைக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கே: ஒன்பது நாள் விடுமுறை கிடைத்திருக்கிறது. இத்தாலி, குரோஷியா, கிரீஸ் மூன்றையும் சுற்றிவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு நம்பிக்கை இல்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ப: உங்கள் பக்கம்தான் நியாயம். ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் பாதி நாள் போய்விடும். அறையைக் காலி செய்வது, துறைமுகத்துக்கோ விமான நிலையத்துக்கோ போவது, காத்திருப்பது, அடுத்த ஊரில் மூன்று மணி வரை அறை கிடைக்காமல் பெட்டியோடு நிற்பது என்று நேரம் கரையும். மூன்று நாடு என்றால் ஒன்பதில் நான்கு நாள் இப்படியே ஓடும். ஒரே கடற்கரையைப் பிடியுங்கள்.

மதில், மது, கடல் மூன்றும் மிக நெருக்கமாக இருக்கும் இடம் வேண்டுமானால் எங்கள் ஓட்டு தெற்கு டல்மாசியாவுக்கு. அதாவது குரோஷியாவில் ஸ்பிளிட்டில் இருந்து டுப்ரோவ்னிக் வரை. விமானத்தில் ஸ்பிளிட்டில் இறங்கி டுப்ரோவ்னிக்கில் ஏறும்படி டிக்கெட் எடுங்கள். போன வழியே திரும்பி வரும் ஒரு நாள் மிச்சம். ஸ்பிளிட்டில் இரண்டு இரவு, கோர்ச்சுலா தீவில் மூன்று, டுப்ரோவ்னிக்கில் மூன்று.

ஸ்பிளிட்டின் நடு ஊரே ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் கி.பி. 305 வாக்கில் ஓய்வுபெற்றுக் குடியேறிய அரண்மனைதான். இன்றும் அதற்குள் ஆட்கள் குடியிருக்கிறார்கள், துணி காயப்போடுகிறார்கள். முதலில் அடித்தளக் கூடங்களைப் பாருங்கள். மேலே இருந்த அறைகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. ஆனால் அவற்றைத் தாங்கிய கீழ்க்கூடங்கள் அதே அளவில், அதே வரிசையில் நிற்பதால், மேலே எது எங்கே இருந்தது என்பது கீழே நடந்தாலே புரிந்துவிடும். கிறிஸ்தவர்களைத் துரத்தித் துரத்தி ஒடுக்கிய அந்தப் பேரரசரின் கல்லறை மண்டபம்தான் இப்போது ஊரின் பேராலயம். வரலாற்றுக்கும் குறும்பு உண்டு.

ஸ்பிளிட்டில் இருந்து கோர்ச்சுலா போகும்போதுதான் பலர் தவறு செய்கிறார்கள். கார் ஏற்றும் பெரிய ஃபெர்ரி தீவின் மேற்கு முனையான வேலா லூகாவில் நிற்கும். நீங்கள் அறை எடுத்திருக்கும் கோர்ச்சுலா பழைய ஊரோ கிழக்கு முனையில், நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பால். ஆள் மட்டும் ஏறும் அதிவேகப் படகுதான் பழைய ஊர் வாசலிலேயே இறக்கிவிடும். டிக்கெட்டில் தீவின் பெயரை மட்டும் பார்க்காமல் துறைமுகத்தின் பெயரைப் பாருங்கள். இந்தப் படகுகளை அங்கே கேட்டமரான் என்பார்கள். நம் கட்டுமரம்தான் உலகம் சுற்றிவிட்டு இந்தப் பெயரில் வந்து நிற்கிறது. குளிர்காலத்தில் சேவைகள் குறையும். மே முதல் செப்டம்பர் வரை நிம்மதி.

கோர்ச்சுலாவின் கிழக்கே லும்பார்டா என்ற ஊரில், மணற்பாங்கான நிலத்தில் கெர்க் என்ற வெள்ளைத் திராட்சை விளைகிறது. அதன் பூக்கள் பெண் பூக்களாகவே செயல்படும். தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. அதனால் வரிசைகளுக்கு நடுவே பிளாவாட்ஸ் மாலி என்ற கறுப்புத் திராட்சையையும் நட்டு வைப்பார்கள். இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும், அந்த வாரம் மழை பெய்யாமல் இருக்க வேண்டும். விளைச்சல் குறைவு, ஆகவே வெளியூர்க் கடைகளில் எளிதில் கிடைக்காது. அங்கேயே சுவைத்துவிடுங்கள்.

கோர்ச்சுலாவில் கார் எடுத்து, டொமின்செ துறையில் ஃபெர்ரி ஏறினால் சுமார் இருபது நிமிடத்தில் எதிர்க்கரை ஓரெபிச். அங்கிருந்து தொடங்கும் பெலியேஷாட்ஸ் தீபகற்பம்தான் குரோஷிய சிவப்பு ஒயினின் தாய்வீடு. டிங்காச் சரிவைத் தவறவிடாதீர்கள். தெற்கு பார்த்த செங்குத்தான மலைச்சரிவு, காலடியில் கடல். நேர் வெயில், கடலில் பட்டுத் திரும்பும் வெயில், வெள்ளைக் கல்லில் பட்டுத் திரும்பும் வெயில் என்று அந்தக் கொடிகளுக்கு மூன்று சூரியன் என்பார்கள். அதனால்தான் அங்கே விளையும் பிளாவாட்ஸ் மாலி ஒயினில் ஆல்கஹால் 14, 15 சதவீதத்தை எளிதாகத் தொடும். குரோஷியாவில் முதன்முதலில், 1961இல், சட்டப் பாதுகாப்புப் பெற்ற ஒயின் பகுதி இது. முன்பு அறுவடையைக் கழுதை முதுகில் மலை தாண்டிக் கொண்டுவந்தார்கள். 1970களில் ஊர்க்காரர்களே முயன்று மலையைக் குடைந்து சுமார் 400 மீட்டர் சுரங்கப் பாதை அமைத்தார்கள். ஒரு கார் மட்டுமே போகக்கூடிய அகலம். எதிர்முனையில் விளக்கு வெளிச்சம் தெரிந்தால் நுழையாமல் காத்திருங்கள். நடுவில் சந்தித்தால் ஒருவர் முழுதும் பின்னோக்கி வர வேண்டியிருக்கும்.

வழியில் ஸ்டோன் என்ற ஊர். பதினான்காம் நூற்றாண்டில் உப்பளத்தைக் காக்கக் கட்டிய மதில் இன்னும் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நிற்கிறது. உப்பளமும் இயங்குகிறது. மதில் மேல் நடந்து மாலி ஸ்டோன் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். நிழலே கிடையாது என்பதால் காலை பத்துக்குள் முடியுங்கள்.

டுப்ரோவ்னிக் மதிலைச் சுற்றுவது 1,940 மீட்டர் நடை. ஒரே திசையில், கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்தான் அனுமதிப்பார்கள். மூன்று இடங்களில் ஏறலாம். கூட்டம் எல்லாம் மேற்கே பிலே வாசலில் குவியும். அங்கே ஏறினால் முதலில் கடல் பக்கம் சுகமாக இருக்கும். ஆனால் மின்செட்டா கோபுரத்துக்கான ஏற்றம் கடைசியில், உச்சி வெயிலில் வரும். கிழக்கே பிளோச்சே பக்கம் ஏறுங்கள். கால் களைக்கும் முன்பே ஏற்றம் முடிந்துவிடும், மீதி இறக்கம்தான். கோடையில் காலை எட்டு மணிக்குத் திறந்தவுடன் ஏறினால் உல்லாசக் கப்பல் பயணிகள் வருவதற்குள் இறங்கிவிடலாம். பிலே வாசல் அருகே 1438இல் கட்டிய ஒனோஃப்ரியோ நீரூற்றில் குடிதண்ணீர் வருகிறது. மேலே பாட்டில் விலை கண்ணைக் கட்டும், ஆகவே முந்தின மாலையே அங்கே நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, மதிலுக்குத் தனியாக டிக்கெட் எடுக்கும் முன் நகரப் பாஸின் விலையைப் பாருங்கள். மதில், அருங்காட்சியகங்கள், நகரப் பேருந்து எல்லாம் அடங்கிய ஒருநாள் பாஸ் பெரும்பாலும் மதில் டிக்கெட்டின் விலையிலேயே கிடைக்கும்.

கே: டுப்ரோவ்னிக்கில் தங்கியபடி ஒரு நாள் கோட்டோருக்கும் இன்னொரு நாள் மொஸ்தாருக்கும் போக உள்ளூர்ச் சுற்றுலா பதிவு செய்திருக்கிறோம். விசாவில் சிக்கல் வருமா?

ப: வரலாம். உங்கள் விசாவில் நுழைவு எண்ணிக்கை '1' என்று இருந்தால் இரண்டுக்குமே போகாதீர்கள். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் பகுதி, அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டில் ஒன்று. கோட்டோர் இருப்பது மொண்டெனெக்ரோவில், மொஸ்தார் இருப்பது போஸ்னியாவில். இரண்டும் ஷெங்கன் அல்ல. காலையில் எல்லை தாண்டியதும் உங்கள் ஒற்றை நுழைவு முடிந்துவிடும். மாலையில் திரும்பும்போது குரோஷிய அதிகாரி உள்ளே விட மாட்டார். பெட்டி டுப்ரோவ்னிக் அறையில், நீங்கள் எல்லையில். சுற்றுலா விற்கும் கடைகள் பெரும்பாலும் இதைக் கேட்பதில்லை. அவர்களுடைய வாடிக்கையாளர்களில் பலருக்கு விசாவே தேவைப்படாது. விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழைவு கேளுங்கள். பயணத் திட்டத்தில் அந்த ஒருநாள் பயணத்தையும் எழுதிக் காட்டுங்கள்.

இதே காரணத்தால் முன்பு ஸ்பிளிட்–டுப்ரோவ்னிக் சாலைப் பயணமே தொல்லையாக இருந்தது. நடுவில் நெயும் என்ற இடத்தில் போஸ்னியா ஒரு துண்டு கடற்கரை வைத்திருக்கிறது. 2022 ஜூலையில் திறந்த பெலியேஷாட்ஸ் பாலம் அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஆனாலும் பேருந்து டிக்கெட் வாங்கும்போது "பாலம் வழியா, நெயும் வழியா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

விண்ணப்பத்தை அதிக இரவுகள் தங்கும் நாட்டுக்குத் தர வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டுக்கு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

கே: ஒயின் ஆலைக்குப் போனதே இல்லை. உள்ளே போனால் என்ன செய்வார்கள், நாம் என்ன செய்ய வேண்டும்? கேலிப் பொருளாகிவிடுவோமோ என்று தயக்கமாக இருக்கிறது.

ப: தெரியாததைத் தெரியாது என்று சொல்பவரை அங்கே யாரும் கேலி செய்வதில்லை. எல்லாம் தெரிந்ததுபோல் தலையாட்டுபவரைத்தான் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள்.

முதலில் நேரம். மத்தியதரைக் கடலோரத்தில் சிறு ஆலைகள் குடும்பமே நடத்துபவை. தோட்டத்தில் மருந்தடிப்பவரே உங்களுக்கு ஊற்றிக் கொடுக்கவும் வர வேண்டும். சொல்லாமல் போனால் கதவு பூட்டியிருக்கும். இரண்டு மூன்று நாள் முன்பே எத்தனை பேர், எத்தனை மணி என்று எழுதிக் கேளுங்கள். பகல் ஒரு மணியில் இருந்து மூன்று நான்கு வரை சாப்பாட்டு நேரம், அதைத் தவிருங்கள். நாக்கு சுத்தமாக இருக்கும் காலை பதினொரு மணி மிக நல்ல வேளை. ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் தொடக்கம் வரை அறுவடை. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான், ஆனால் பேச யாருக்கும் நேரம் இருக்காது. ஆற அமரக் கேட்டுத் தெரிந்துகொள்ள மே, ஜூன் மேல்.

ஒரு நாளைக்கு இரண்டு ஆலை போதும். மூன்றாவதில் நாக்கு மரத்துவிடும், நான்காவதில் வாங்கும் புட்டி வீட்டுக்கு வந்தபின் வேறு சுவையாக இருக்கும்.

ஒரு சுவைக்கு 30 முதல் 50 மில்லி ஊற்றுவார்கள். வரிசை பெரும்பாலும் வெள்ளை, ரோஸே எனும் இளஞ்சிவப்பு, சிவப்பு, கடைசியில் இனிப்பு. இனிப்பை முதலில் கேட்டு வாங்கிக் குடித்தால் பின்னால் வருவதெல்லாம் வெறும் புளிப்பாகத் தெரியும். கிண்ணத்தைத் தண்டில் பிடியுங்கள். உள்ளங்கைச் சூடு வெள்ளை ஒயினைக் கெடுக்கும். வெள்ளைத் தாளின் மேல் சாய்த்து நிறம் பாருங்கள். சுழற்றாமல் ஒருமுறை முகருங்கள், சுழற்றி மறுமுறை முகருங்கள். இரண்டாவதில் வரும் வாசனை வேறாக இருக்கும். அன்று சென்ட் போடாதீர்கள். உங்களுக்கு மட்டும் அல்ல, பக்கத்தில் நிற்பவருக்கும் மூக்கு அடைத்துவிடும். ஒரு மிடறு வாயில் வைத்து இரண்டு பக்கமும் பரப்புங்கள். நாக்கின் ஓரங்களில் ஊறுவது புளிப்பு. ஈறும் கன்னமும் இழுத்துப் பிடிப்பது துவர்ப்பு. தொண்டையில் சூடாக இறங்குவது ஆல்கஹால். இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் பேச்சு நடக்கும். செர்ரி வாசனை, தோல் வாசனை என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

மேசையில் ஒரு குடுவையோ வாளியோ இருக்கும். துப்புவதற்கும் மீதியைக் கொட்டுவதற்கும் அது. துப்புவது அவமரியாதை அல்ல. ஆறு சுவை என்பது 300 மில்லி வரை போகும். 750 மில்லி புட்டியில் ஐந்தில் இரண்டு பங்கு, அதுவும் 14 சதவீதச் சரக்கு. துப்பாதவர்கள் மதியத்துக்குப் பிறகு கோட்டையைப் பார்ப்பதில்லை, கோட்டைதான் அவர்களைப் பார்க்கும்.

முன்கூட்டியே கட்டணம் எவ்வளவு, எத்தனை சுவை, புட்டி வாங்கினால் கட்டணத்தைக் கழிப்பார்களா என்று கேளுங்கள். கட்டணம் கொடுத்துவிட்டால் வாங்கியே தீர வேண்டும் என்ற கடன் இல்லை. இலவசமாக ஊற்றிய சிறு குடும்பத்திடம் ஒரு புட்டியாவது வாங்குவது மரியாதை.

ஒரு எச்சரிக்கை. டல்மாசியாவில் சில வழிகாட்டிகள் "பிளாவாட்ஸ் மாலிதான் அமெரிக்காவின் ஸின்ஃபண்டெல்" என்று அடித்துச் சொல்வார்கள். உறவு உண்டு, ஆனால் அதுவே அல்ல. ஸின்ஃபண்டெலும் கஷ்டெலா ஊர்ப் பக்கம் கண்டெடுத்த ஒரு பழைய திராட்சையும் ஒன்றே என்பது 2001இல் மரபணுச் சோதனையில் உறுதியானது. பிளாவாட்ஸ் மாலி அதன் பிள்ளை.

கே: நான் குடிப்பதில்லை. மனைவிக்கு ஆர்வம். நான் வெறுமனே காரில் உட்கார்ந்திருக்க வேண்டுமா?

ப: வேண்டாம், உள்ளே வாருங்கள். பதிவு செய்யும்போதே "ஒருவர் சுவைக்க மாட்டார்" என்று எழுதினால் கட்டணத்தைக் குறைப்பார்கள், திராட்சைச் சாறு இருந்தால் தருவார்கள். பல தோட்டங்களில் ஆலிவ் எண்ணெயும் உண்டு. அதை ரொட்டி இல்லாமல் சிறு கிண்ணத்தில் உறிஞ்சிச் சுவைத்துப் பாருங்கள். தொண்டையில் காரமாகக் கீறினால் புது எண்ணெய்.

காரை ஓட்டப்போவது நீங்கள்தான் என்பதால் சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். குரோஷியா, இத்தாலி, கிரீஸ், பிரான்ஸ் நான்கிலும் பொதுவான வரம்பு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால். குரோஷியாவில் 24 வயது வரை உள்ளவர்களுக்குப் பூஜ்யம். இத்தாலியில் உரிமம் வாங்கி மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்கும் பூஜ்யம்.

கே: டஸ்கனியில் காரில் சுற்றிவிட்டு வந்து ஆறு மாதம் ஆகிறது. வாடகைக் கார் நிறுவனம் முதலில் ஒரு தொகையைக் கார்டில் எடுத்தது. இப்போது நகராட்சியிடம் இருந்து அதே ஊருக்கு இரண்டு அபராதக் கடிதம். ஒரே குற்றத்துக்கு மூன்று முறை பணமா?

ப: ஒரே குற்றம் அல்ல என்பதுதான் வருத்தமான பதில். இத்தாலியப் பழைய ஊர்களின் நடுப்பகுதி 'ஸோனா ஆ டிராஃபிகோ லிமிதாதோ', அதாவது வெளிவண்டிகளுக்குத் தடை செய்த பகுதி. பீசா, லூக்கா, சியேனா, ஃபுளோரன்ஸ் எல்லாவற்றிலும் உண்டு. வாசலில் போலீஸ் நிற்க மாட்டார், கேமரா நிற்கும். ஒவ்வொரு முறை வாசலைத் தாண்டுவதும் தனிக் குற்றம். வழிதவறி ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி நுழைந்தால் இரண்டு. கார் நிறுவனம் எடுத்தது அபராதம் அல்ல, உங்கள் முகவரியை நகராட்சிக்குக் கொடுத்ததற்கான கட்டணம். வாடகை ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவு இருக்கும்.

வெளிநாட்டவருக்குக் கடிதம் அனுப்ப அவர்களுக்கு 360 நாள் வரை அவகாசம் உண்டு, ஆகவே ஆறு மாதம் தாமதம் அல்ல. கடிதம் கையில் கிடைத்த ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி, 60 நாளைக் கடந்தால் தொகை ஏறும். கடிதத்தில் உள்ள கார் எண், தேதி, நேரம் மூன்றையும் உங்கள் ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுவிட்டுக் கட்டுங்கள்.

அடுத்த முறைக்கு: வெள்ளை வட்டம், சிவப்பு விளிம்பு கொண்ட பலகையைக் கண்டால் நிறுத்துங்கள். பக்கத்தில் மின்பலகை இருக்கும். அதில் 'வார்கோ அத்தீவோ' என்று எரிந்தால் வாசல் இயங்குகிறது, அதாவது தடை அமலில் இருக்கிறது. பலர் 'ஆக்டிவ்' என்பதைத் திறந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு நேராக உள்ளே போய்விடுகிறார்கள். 'நோன் அத்தீவோ' என்றால்தான் போகலாம். தங்கும் விடுதி உள்ளே இருந்தால் கார் எண்ணை முன்கூட்டியே அனுப்புங்கள், அவர்கள் நகராட்சியில் பதிவு செய்ய முடியும். பதிவு ஆனதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி நிறுத்தும் இடத்தில் வெள்ளைக் கோடு இலவசம், நீலக் கோடு கட்டணம், மஞ்சள் கோடு உங்களுக்கு இல்லை. ஐரோப்பிய உரிமம் இல்லாதவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வைத்திருக்க வேண்டும்.

கே: இத்தாலியக் கடலோரச் சிங்க்வே தெர்ரேயில் ஐந்து ஊரையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? எந்த ஊரில் தங்குவது?

ப: ரயிலில் இறங்கி ஏறிப் படம் எடுத்துக்கொள்ள முடியும். பார்க்க இரண்டு நாள் வேண்டும். மொந்தெரோஸ்ஸோ, வெர்னாட்ஸா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே என்ற ஐந்துக்கும் நடுவே ரயில் சில நிமிடத் தூரம்தான். வடக்கே லெவாந்தோ, தெற்கே லா ஸ்பேத்ஸியா. பெட்டி கனமாக இருந்தால் இந்த இரண்டில் ஒன்றில் தங்குங்கள். ஐந்து ஊரிலும் தெரு என்பது பெரும்பாலும் படிதான். கொர்னீலியா மட்டும் கடல் மட்டத்தில் இல்லை, நூறு மீட்டர் உயரப் பாறைமேல். ரயில் நிலையத்தில் இருந்து சுமார் 380 படி ஏற வேண்டும். சிறு பேருந்து ஓடுகிறது, நடைபாதையும் ரயிலும் சேர்ந்த கார்டில் அதுவும் அடக்கம். கார்டு இல்லாமல் மொந்தெரோஸ்ஸோ–வெர்னாட்ஸா பாதையில் நுழைந்தால் சோதனைச் சாவடியிலேயே வாங்கச் சொல்வார்கள். அந்தப் பாதைக்கு இரண்டு மணி நேரம். ரப்பர்ச் செருப்பு போட்டு நடப்பது விதிப்படி குற்றம், அபராதம் உண்டு. மழை எச்சரிக்கை வந்தால் பாதைகளை மூடிவிடுவார்கள். ரியோமஜோரே–மனரோலா 'காதல் பாதை' 2012 பாறைச் சரிவுக்குப் பின் மூடிக்கிடந்து 2024இல் திறந்தது. அதற்குத் தனியாக நேரம் பதிவு செய்ய வேண்டும்.

மலைச்சரிவு முழுக்கப் படிக்கட்டுத் தோட்டங்கள். அவற்றைத் தாங்கும் கற்சுவர்களில் சுண்ணாம்போ சிமெண்டோ இல்லை. கல்லுக்குக் கல் இடுக்கு விட்டு அடுக்கியவை. மழைநீர் அந்த இடுக்கு வழியே வடிவதால்தான் சுவர் நிற்கிறது. பராமரிப்பு நின்ற இடத்தில் நீர் தேங்கும், மண் வீங்கும், சுவர் சரியும். 2011 அக்டோபர் 25 பெருமழையில் வெர்னாட்ஸாவும் மொந்தெரோஸ்ஸோவும் சேற்றில் புதைந்ததை நினைவில் வைத்து, படம் எடுக்கச் சுவர்மேல் ஏறாதீர்கள். ஒரு கல் அசைந்தால் அதைத் திரும்ப அடுக்க ஆள் கிடைப்பது கடினம்.

இங்கே சுவைக்க வேண்டியது ஷாக்கெத்ரா. பொஸ்கோ, அல்பரோலா, வெர்மெந்தீனோ திராட்சைகளை நிழலில் தட்டியில் பரப்பி உலர்த்தி, நவம்பர் 1க்கு முன் பிழியக்கூடாது என்ற விதியோடு செய்யும் இனிப்பு ஒயின். உலர்ந்த பழத்தில் சாறு மிகக் குறைவு, அதனால் சிறிய புட்டியே விலை அதிகம். ஒரு சின்னக் கிண்ணம் வாங்கி இரண்டு பேர் பகிர்ந்து குடியுங்கள். "அதே ஷாக்கெத்ரா, பாதி விலை" என்று யாராவது நீட்டினால் லேபிளில் அந்தப் பெயர் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கே: ஆகஸ்டில் கிரீஸின் சாந்தோரினித் தீவுக்குப் போவது புத்திசாலித்தனமா? படகு ரத்தாகும் என்கிறார்களே?

ப: ஜூலை, ஆகஸ்டில் ஈஜியன் கடலில் வடக்கில் இருந்து மெல்தெமி காற்று அடிக்கும். வானம் தெளிவாக இருக்கும், கடல் கொந்தளிக்கும். முதலில் நிற்பது அதிவேகப் படகுகள். பெரிய சாதாரணக் கப்பல் பெரும்பாலும் போய்விடும். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயுஸில் இருந்து அதிவேகம் சுமார் ஐந்து மணி, கப்பல் சுமார் எட்டு மணி. காற்றுக் காலத்தில் மூன்று மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு நாளை இழக்காதீர்கள். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவை ஏதென்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காற்றுக்கு ஈடுகொடுக்கத்தான் அங்கே கொடியைப் பந்தலில் ஏற்றுவதில்லை. தரையோடு தரையாகக் கூடைபோல் வளைத்துப் பின்னுகிறார்கள். பெயர் கூலூரா. குலைகள் கூடைக்குள் காற்றுக்கும் வெயிலுக்கும் தப்பி விளையும். கோடை மழை இல்லை. இரவில் கடலில் இருந்து வரும் ஈரத்தை எரிமலை நுரைக்கல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். களிமண் இல்லாத அந்த மண்ணில் ஃபிலொக்ஸெரா பூச்சி வாழாது. ஐரோப்பாவின் கொடிகளை வேரோடு தின்ற அந்தப் பூச்சி இங்கே தோற்றது. ஆகவே வேர்கள் மிகப் பழையவை. தோட்டத்தில் நடக்கும்போது காலடியைப் பாருங்கள், புதர் என்று மிதித்துவிடக் கூடும். அசிர்த்திகோ வெள்ளையும், வெயிலில் உலர்த்திய பழத்தில் செய்யும் வின்சாந்தோவும் சுவைக்க வேண்டியவை. இத்தாலியின் வின் சாந்தோ வேறு, இது வேறு.

வெயில் ஏறிய பிறகு அக்ரோதிரி என்ற பண்டைய ஊரின் அகழாய்வுக்குப் போங்கள், மேலே கூரை இருக்கிறது. தீவின் முக்கிய ஊரான ஃபிராவின் பழைய துறைமுகத்தில் இருந்து ஊருக்கு 588 படி. கழுதைச் சாணத்தில் வழுக்கும், ரோப்கார் போதும். தேதியை மாற்ற முடியுமானால் மே மாதமோ செப்டம்பர் பிற்பாதியோ பாருங்கள்.

கே: அம்மாவுக்கு முழங்கால் வலி. படி குறைவான, ஆனால் பழமையான ஊர் எது?

ப: மால்டா. தலைநகர் வலெட்டா 1566இல் நேர்கோட்டுத் தெருக்களோடு திட்டமிட்டுக் கட்டிய ஊர். நடுமுதுகில் ஓடும் குடியரசுத் தெரு நடக்கச் சுலபம். இரு பக்கமும் இறங்கும் குறுக்குத் தெருக்கள் படிதான், அவற்றைத் தவிருங்கள். துறைமுகத்தில் இருந்து மேல் பராக்கா தோட்டத்துக்கு 58 மீட்டர் லிஃப்ட் இருக்கிறது. பழைய தலைநகர் மதினாவுக்குள் வாகனம் குறைவு, தரை பெரும்பாலும் சமம். ஹைப்போஜியம் என்ற நிலத்தடிக் கல்லறைக் கூடம் நாளைக்கு 80 பேருக்குத்தான், ஒரு குழுவில் பத்துப் பேர். மாதக்கணக்கில் முன்பே பதிவாகிவிடும். ஆனால் அங்கே குறுகிய படிகள் உண்டு, அம்மாவை விட்டுவிட்டுப் போங்கள். வண்டி இடப்பக்கம் ஓடும், பிளக் மூன்று முனை. கிர்கென்தீனா வெள்ளையும் ஜெல்லேவ்ஸா சிவப்பும் அந்தத் தீவுக்கே உரிய திராட்சைகள்.

கே: சைவம். முட்டையும் கிடையாது. என்ன கேட்டு வாங்குவது?

ப: கிரீஸில் 'லாதெரா' என்ற பிரிவைப் பாருங்கள், எண்ணெயில் வெந்த காய்கறி வகைகள். சாந்தோரினியில் ஃபாவா, மஞ்சள் பருப்பு மசியல். 'நிஸ்தீசிமோ' என்றால் நோன்பு உணவு, பாலும் முட்டையும் இறைச்சியும் இருக்காது. ஆனால் இறாலும் கணவாயும் அதில் சேரும், ஆகவே அந்த ஒரு சொல்லை நம்பாதீர்கள். சிங்க்வே தெர்ரே இருக்கும் லிகூரியாவில் ஃபரினாத்தா: கடலைமாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு, வேறொன்றும் இல்லை. பெஸ்தோவில் உள்ள பர்மிஜானோ கன்றின் வயிற்றில் இருந்து எடுக்கும் நொதியால் உறைய வைத்தது, கண்டிப்பானவர்கள் தவிர்க்க வேண்டும். டல்மாசியாவில் கீரை வைத்த சொபார்னிக், உருளைக்கிழங்கோடு மசித்த பிளித்வா கீரை. சூப்பையும் ரிசோத்தோவையும் எதில் வேகவைத்தார்கள் என்று கேட்காமல் வாங்காதீர்கள், மீன் சாறாக இருக்கும்.

கே: குரோஷியாவில் நீந்தும்போது காலில் கடல்முள்ளி குத்திவிடும் என்கிறார்கள். உண்மையா?

ப: உண்மை. கரை பாறை, மணல் குறைவு. ரப்பர் அடி வைத்த நீச்சல் காலணி போடுங்கள். குத்தினால் ஊசியால் தோண்டாதீர்கள், முள் ஒடிந்து ஆழப் போகும். வெந்நீரில் ஊறவைத்து, வெளியே நீட்டியதை மட்டும் இடுக்கியால் எடுங்கள். மூட்டில் ஏறியிருந்தால் மருத்துவரிடம் போங்கள். தெற்கில் இருந்து யூகோ காற்று அடிக்கும் நாளில் தீவின் வடக்குப் பக்க விரிகுடாவைத் தேடுங்கள், வடகிழக்கில் இருந்து பூரா அடித்தால் தெற்குப் பக்கம்.

கே: ஆறு புட்டி வாங்கினோம். விமானத்தில் எப்படிக் கொண்டுவருவது?

ப: பெரும்பாலான விமான நிலையங்களில் கைப்பையில் வராது, 100 மில்லி விதி. பதிவுப் பெட்டியில் வையுங்கள். 24 சதவீதத்துக்கு உட்பட்ட ஒயினுக்கு விமானப் பாதுகாப்பு விதியில் அளவு வரம்பு இல்லை, அதற்கு மேல் 70 வரை உள்ள சரக்குக்கு ஆளுக்கு 5 லிட்டர். ஆனால் நீங்கள் இறங்கும் நாட்டின் சுங்க வரம்பு வேறு, அதுதான் உண்மையான தடை. வாங்கும் முன்பே பாருங்கள். ஒரு புட்டி ஏறக்குறைய 1.3 கிலோ, ஆறும் எட்டுக் கிலோ. 23 கிலோப் பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு.

ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, துணியில் சுற்றி, பெட்டியின் நடுவில் வையுங்கள். புட்டியும் புட்டியும் தொடக்கூடாது, சக்கரமும் கைப்பிடியும் உள்ள பக்கம் ஒட்டக்கூடாது. உடைவதைவிட அதிகம் கெடுவது வெயிலில். பூட்டிய காரின் பின்பெட்டியில் பகல் முழுக்க விட்டால் உள்ளே ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும். மேல் உறை லேசாக உப்பியிருந்தாலோ பிசுபிசுத்தாலோ அது நடந்துவிட்டது. அதை விடுதியிலேயே அன்றிரவு குடித்துவிடுங்கள். ஆலைக்குப் போகும் நாளில் கடற்கரையைக் காலையிலும் ஆலையை மாலையிலும் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் மதிப்புக் கூட்டு வரியைத் திரும்பப் பெறலாம். இத்தாலியில் ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேலும், பிரான்ஸில் 100 யூரோவுக்கு மேலும் வாங்கியிருக்க வேண்டும். கடையிலேயே படிவம் கேளுங்கள். ஒன்றியத்தை விட்டு வெளியேறும் கடைசி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி புட்டியைப் பார்க்கக் கேட்கலாம். ஆகவே பெட்டியைக் கவுண்டரில் போடுவதற்கு முன்பே அங்கே போய் முத்திரை வாங்குங்கள்.